மாப்பிள்ளை கொடுத்த பைப்பு

தம்பி,

நீ போனில் அனுப்பிய அந்த அறிக்கையை முழுவதும் படித்துவிட்டேன். கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பதால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து முடிக்க இரண்டு மத்தியானம் ஆனது. குடிநீர்த் திட்டங்களுக்கான பிளாஸ்டிக் குழாய்ச் சந்தை இனி எப்படி வளரும், இரும்புக் குழாய் போன இடத்தை எது பிடிக்கும், கறுப்பு ரோல் குழாய்க்கும் இணைப்புச் சாமான்களுக்கும் எங்கே கிராக்கி கூடும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் ஒரு கோடு இடது பக்கம் கீழே ஆரம்பித்து வலது பக்கம் மேலே போய் முடிகிறது. அதன் அடியில் நீ, "பாத்தீங்களாப்பா? இதுக்கு மேல என்ன வேணும்?" என்று எழுதியிருந்தாய். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, தை மாதம் கல்யாணத்தோடு ஊருக்கே வந்து நம் குழாய்க் கடையை எடுத்து நடத்தப் போவதாகவும், முதல் ஆர்டராக உன் மாமா ஊர்க் குடிநீர் வேலைக்குக் குழாய் கொடுக்கக் கையெழுத்துப் போடப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நானும் அதுதான் சாக்கென்று பேச்சை மாற்றிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு பேச்சை நான் மாற்றிக்கொண்டேதான் வருகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கையெழுத்தைப் போடாதே. ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பொறுமையாகப் படி. சின்ன வயதில் கடைக்கு வந்தால் குழாய் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்பாயே, அந்தப் பொறுமை இப்போது உனக்கு இல்லை என்று தெரியும். எனக்காக ஒரு தடவை வரவழைத்துக்கொள்.

நான் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்ட காலத்தில் குழாய் என்றால் இரும்புதான். ஒரு குழாயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், மரை போட ஒருத்தர் வேண்டும், பொருத்த ஒருத்தர் வேண்டும். பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. ஒரு ஆள் பத்துக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பீடி பிடித்தபடியே நடந்து போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. "இது என்னங்க, புள்ளைங்க வெளையாடற சாமானாட்டம் இருக்குது" என்றார்கள். நான் சிரிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் இரும்பு அரித்துப்போவதை இங்கே எல்லாரும் பார்த்தவர்கள். துரு பிடிக்காத குழாய் ஒன்று வந்தால் இந்த மாவட்டமே அதை வாங்கும் என்று எனக்குப் பட்டது, அப்படியே வாங்கினார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு இருந்தது. சந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எந்த அறிக்கையும் இல்லாமல் மோப்பம் பிடிக்கத் தெரிந்தவன்தான் உன் அப்பன்.

ஆனால் அந்தச் சந்தை எதனால் வளர்ந்தது என்று உன் அறிக்கையில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். கடை தொடங்கிய புதிதில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கப் பத்துப் பதினைந்து குழாய் வாங்கிப் போவார்கள். அதே ஆள் சில வருஷம் கழித்து வந்து, தண்ணீர் கீழே போய்விட்டது, இன்னும் பத்துக் குழாய் கொடு என்பார். அப்புறம் பழைய போர் போச்சு, புதுசு போட்டிருக்கிறேன், முப்பது கொடு என்பார். நான் வாயால் "அடடா, அப்படிங்களா" என்பேன். மனசுக்குள் எத்தனை குழாய், எத்தனை இணைப்பு என்று ஓடும். தண்ணீர் ஒவ்வொரு முழம் இறங்கும்போதும் நம் கடை ஒரு முழம் ஏறியது. உன்னை ஸ்கூலில் சேர்த்தது, மாடி எடுத்தது, உன் அம்மாவுக்குக் கல் வளையல் வாங்கியது எல்லாம் யாரோ ஒருத்தர் கிணறு வற்றின நாளில் வந்ததுதான். இதை நான் அப்போது யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி உன் அம்மாவின் ஊருக்கு வருகிறேன். பென்னாகரம் தாண்டிப் போகும் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி உனக்குத் தெரியும். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், குடித்தாலும் ருசிக்கும். அதில் இருக்கும் ஃபுளோரைடு பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புப் பட்டையாக விழும், வயதானவர்களுக்கு முழங்காலைக் கட்டையாக்கும். நான் பெண் பார்க்கப் போனபோது உன் அம்மா சிரிக்கும்போதெல்லாம் முந்தானையை வாய்க்கு எடுத்துப் போனாள். அடக்கமான பெண் என்று வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி எத்தனையோ நாள் கழித்துத்தான் பல்லை மறைக்கிறாள் என்று புரிந்தது. "எங்கூரு தண்ணி அப்படிங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். ஏதோ தானே தப்புப் பண்ணின மாதிரிச் சொன்னாள். நல்ல தண்ணீர் அந்த ஊருக்கு வர வேண்டும் என்று நான் அன்றைக்கே நினைத்தேன். அது பொய்யில்லை தம்பி. இந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது இருந்தால் அது அந்த நினைப்பு ஒன்றுதான்.

உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அந்த வாய்ப்பு வந்தது. காட்டோரத்தில் ஒரு பழைய கிணறு இருந்தது, அதில் கெடுதல் இல்லாத தண்ணீர் ஊறியது. அதை மோட்டார் வைத்து மேட்டில் ஒரு தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் போட்டு ஊருக்குள் இறக்கலாம் என்று முடிவானது. ஊர்க் கமிட்டியில் உன் அம்மாவின் அப்பாதான் பெரியவர். குழாய் யாரிடம் வாங்குவது என்ற பேச்சே எழவில்லை. மாப்பிள்ளை கடை இருக்க வேறு கடை ஏறுவார்களா? வேலைக்கு நான் பாஷா பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். கடை தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் குழாய் பொருத்திக் கொடுத்தவர் அவர். நம் வீட்டுப் பொங்கல் கரும்பு அவர் வீட்டுக்கும், அவர் வீட்டு நோன்புக் கஞ்சி நம் வீட்டுக்கும் போய்வந்த காலம் அது. அவர் போட்ட இணைப்பு கசிந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

தப்பு என்னிடத்தில் ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் விலை ஏறப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. கச்சா எண்ணெய் ஏறினால் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஏறும், அது ஏறினால் குழாய் ஏறும், இது உனக்கும் தெரிந்ததுதான். நான் கெட்டிக்காரன் இல்லையா? முந்திக்கொண்டு குழாயாகவே வாங்கிக் குவித்தேன். இரண்டு குழாயைச் சேர்க்கும் கப்ளிங்கை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். விலை ஏறியதும் எல்லாரும் அதற்கே ஓடினார்கள், எங்கேயும் கிடைக்கவில்லை. பாதிப் பள்ளத்துக்குக் குழாய் இறக்கியாகிவிட்டது, கப்ளிங் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாரியம்மன் பண்டிகை. புதுத் தண்ணீரில்தான் அம்மனுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும் என்று ஊரே முடிவு பண்ணி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையால் பண்டிகை தள்ளிப்போனது என்று வந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம் பக்கத்து விவசாயிகள் வயலில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். கப்ளிங் இல்லையென்றால் குழாய் முனையை வைக்கோல் தீயில் வாட்டி இளக்கி, அடுத்த குழாயை அதற்குள் திணித்துவிடுவார்கள். ஆறினதும் கவ்விக்கொள்ளும். வயலில் அது போதும், ஏனென்றால் அங்கே தண்ணீர் மறு முனையில் திறந்து ஓடிக்கொண்டே இருக்கும். நான் பாஷா பாயிடம் அப்படியே செய்துவிடச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேண்டாங்கண்ணே. இது கழனி லைன் இல்ல, குடிதண்ணி லைனு. மேட்டுல இருந்து எறங்குது. தீயில காட்டுன எடம் மெலிஞ்சு போயிருமுங்க. ரெண்டே நாளு பொறுங்க, நானே சேலத்துக்குப் பஸ் ஏறிப் போயி எங்கயாச்சும் தேடி எடுத்தாறேன்."

"ரெண்டு நாள் பொறுத்தா பண்டிகை முடிஞ்சு போயிருமுங்க பாய்."

"பண்டிகை வருசா வருசம் வருமுங்கண்ணே."

"நான் சொல்றதச் செய்யுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நானாச்சு."

அவர் வைக்கோலைப் பிரித்துத் தீ வைத்தார். ஊருக்குள் தாழ்வான பக்கம் இருந்த இணைப்புகள் முழுவதையும் அப்படித்தான் போட்டோம். நானாச்சு என்று சொன்னது நான்தான், மறந்துவிடாதே.

மண் தள்ளுவதற்கு முன்னால், மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் ஒரு வார்த்தை சொன்னார். "லைனை ரொப்பி, எல்லாக் கொழாயையும் மூடி ஒரு நாள் வெச்சுப் பாத்துரலாமுங்க. ஒழுகாட்டி மண்ணைத் தள்ளிக்கலாம்" என்றார். அந்த ஒரு நாள் கிடைத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும். உன் தாத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க மாப்ள குடுத்த பைப்புங்க. அதுக்கு எதுக்குங்க டெஸ்டு? மாப்ளயச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதுங்களா?" என்றார். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை கொண்டுவந்ததைத் தட்டிப் பார்ப்பது நம்மில் வழக்கமில்லை. பழக் கூடையைக்கூட அவர் எதிரில் பிரிக்க மாட்டார்கள். உன் தாத்தா மரியாதைக்குச் சொன்னார். எனக்கு உண்மை தெரியும். "இல்லீங்க மாமா, பாத்துரலாம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைக்காமலேயே இருந்தேன்.

பண்டிகை அன்று தண்ணீர் வந்தது. தெருவுக்குத் தெரு குழாயைத் திறந்துவிட்டு ஊரே குடம் குடமாகப் பிடித்தது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாய். உன் மாமாவின் பெண் மலர் அப்போதுதான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். உன் அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து அவள் வாயில் விட்டாள். பிள்ளை தும்மியது. உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், கை வாய்க்குப் போகவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். என்னைப் பார்த்து, "நல்லா இருப்பீங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஊர் ஓய்ந்து எல்லாரும் குழாயை மூடினார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை குழாய்க்குள் அழுத்தம் தெரியாது. எல்லாம் மூடினால்தான் மேட்டுத் தொட்டியின் கனம் மொத்தமும் பள்ளத்தில் வந்து நிற்கும். முதல் இணைப்பு கோவில் பக்கத்தில் பிளந்தது. அதைச் சரி பண்ணினால் அடுத்தது, அதைச் சரி பண்ணினால் அதற்கு அடுத்தது. ஒரு மாதம் மண்ணைத் தோண்டுவதும் மூடுவதுமாகப் போனது. நல்ல கப்ளிங் கடைசியில் கிடைத்தது. கிடைத்து என்ன? வாட்டிய முனைகள் எல்லாம் விரிசல் விட்டிருந்தன, மொத்தக் குழாயையும் மாற்ற வேண்டும், அதற்கு ஊரிடமும் வழியில்லை, தோண்டித் தோண்டி ஆட்களும் சலித்துப் போனார்கள். பழைய போர்த் தண்ணீருக்கே திரும்பிவிட்டார்கள்.

ஊர் கூடிக் கேட்டபோது, குழாய் மோசமா, வேலை மோசமா என்று கேள்வி வந்தது. யாரோ ஒருவர், "மாப்ள குடுத்த பைப்பு மோசம் போவுமுங்களா? ஒட்டுன ஆளு சரியில்ல" என்றார். எல்லாரும் பாஷா பாயைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவ்வளவுதான் தம்பி, நான் பொய்கூடச் சொல்லவில்லை. அவர் சாமான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்கள் எதுவும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. நம் கடைக்கும் அவர் வரவில்லை.

உன் அம்மா என்னைக் கேட்டாள். "நெசமாவே பாய் தான் தப்புப் பண்ணிட்டாருங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வருஷப் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு போகவில்லை. அடுத்த நோன்பில் அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அவள் குடிக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வரவில்லை. என் வார்த்தையை நம்பித்தான் ஒரு நல்ல மனுஷனை வெறுத்தாள், வெறுத்தபடியே போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பக்கத்திலேயே இருந்தேன், சொல்லியிருக்கலாம். உடம்பு முடியாதவளிடம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்வதில் நான் ரொம்பத் தேறியவன்.

போன வாரம் பஸ் ஏறி உன் மாமாவைப் பார்க்கப் போனேன். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன். ஊருக்குள் நுழையும்போதே வீட்டுக்கு வீடு வாசலில் குழாய் நிற்கிறது. ஒன்றிலும் ஈரம் இல்லை, ஒன்றின் மேல் துணி காய்கிறது, இன்னொன்றில் கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அடியில் முதலில் போட்ட இரும்பு கிடக்கிறது, அதன் மேல் நான் கொடுத்த சாம்பல் குழாய், அதன் மேல் பிறகு வந்த கறுப்புக் குழாய். நாலாவதாக நீ கொடுக்கப் போகிறாய். உன் மாமாதான் இப்போது அந்த வேலையை எடுத்துச் செய்கிறார் என்பதால் தோரணையாக இருந்தார். நான் வைக்கோல் தீயிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் சிரித்தார் தம்பி. "அட நீங்க வேற மாமா! இன்னமும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கறீங்களா? பாய் ஒட்டுனா என்ன, நீங்க ஒட்டுனா என்ன, அந்தக் கெணறே வத்திப் போயிருச்சு. இரும்பாட்டம் ஒட்டியிருந்தாலும் இன்னிக்கு வெறும் காத்து தானுங்க வரும்."

"அப்பறம் இந்தப் புது லைனுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டேன்.

"போர் ஒண்ணு போட்டிருக்குதுங்க. அரை மணி நேரம் வரும், அப்பறம் சேறு. அதெல்லாம் பாத்தா ஆவுமுங்களா? பைப்பு போடோணும், போட்டோம்னு காட்டோணும்."

"டெஸ்டு பண்ணணும்னா லைனை ரொப்போணுமே?"

"டேங்கர் லாரிக்குச் சொல்லியிருக்குதுங்க. ரொப்பி, போட்டோ புடிச்சு அனுப்பிச்சிட்டா முடிஞ்சுது. அதுவும் நம்ம மருமவன் குடுக்கற பைப்பு. அதுக்கு எதுக்குங்க மாமா டெஸ்டு?"

உன் தாத்தா மரியாதையில் சொன்ன வார்த்தையை இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் சுமந்ததைக் கொண்டுபோய் இறக்கினேன், அதை வைக்க அந்த ஊரில் இடமே இல்லை. குழாயில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்க்கிறவர்களிடம்தானே குழாய் ஏன் வெடித்தது என்று சொல்ல முடியும்?

ஆனால் அவர் சொன்ன சமாதானத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிணறு வற்றியது உண்மை. எப்போது வற்றியது? நம் குழாய் வெடித்துப் பத்து வருஷம் கழித்து. ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பத்து வருஷமும் அதில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பல் முளைக்கிற வயதுப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது அந்தப் பத்து வருஷம்தான். நான் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மலர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கத் தயங்கினேன் போலிருக்கிறது. "கேன் தண்ணிங்க மாமா. பயப்படாம குடிங்க. நாங்க தான் போர்த் தண்ணி குடிக்கறோம், வர்றவங்களுக்கு கேன் தானுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது கை வாய்க்குப் போனது. அதே மாதிரி தம்பி, அப்படியே உன் அம்மாவின் கை. உங்கள் நிச்சயதார்த்தப் போட்டோக்களை வீட்டுக்கு வந்து மறுபடியும் பார்த்தேன். எல்லாவற்றிலும் உதட்டை மூடிக்கொண்டிருக்கிறாள், ஒன்றில் மட்டும் கையால் மறைத்திருக்கிறாள். வெட்கப்படுகிறாள் என்று நீ உன் நண்பர்களிடம் சொன்னாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

திரும்பி வந்து பாஷா பாய் வீட்டுக்கும் போனேன். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, ஆனாலும் தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவர்தான். ஒரு பழைய குழாய்த் தலையைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்களாண்ணே? தீ வெச்சது எங் கைதானே" என்றார். ஊரில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொன்னேன், சிரித்தார்கள் என்றேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் குழாய்த் தலையையே துடைத்தார். "உங்க வூட்டம்மா இருந்தப்ப சொல்லியிருக்கலாமுங்கண்ணே. அவங்க எங்க வூட்டுக் கஞ்சிய ஆசையாக் குடிப்பாங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நானும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. தொழுகைக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்.

இப்போது உன் அறிக்கைக்கு வருகிறேன். அதில் இருக்கிறதெல்லாம் உண்மையாகவே இருக்கும். குழாய் இன்னும் விற்கும். இரும்பு போய்ப் பிளாஸ்டிக் வந்தது போல, இப்போது சாம்பல் போய்க் கறுப்பு வருகிறது, அதுவும் போய் வேறொன்று வரும். பெரிய வேலைகளுக்கு ஃபேக்டரியிலிருந்தே நேராக லாரி வந்து இறங்கும், நம் மாதிரிக் கடைகளுக்கு எல்போ, டேப் மாதிரிச் சில்லறைச் சாமான்தான் மிஞ்சும். மாமா, மச்சான் என்று உறவு பார்த்துக் கொடுக்கும் ஆர்டர் ஒன்றுதான் நம் பலம், அந்த உறவால்தான் யாரும் தட்டிப் பார்க்காமல் வாங்குகிறார்கள். நீ நேர்மையானவன், சொன்ன தடிமனில், சொன்ன தரத்தில் நல்ல குழாய்தான் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியும். என் பயம் உன் குழாயைப் பற்றியதே இல்லை. வராத தண்ணீருக்கு நல்ல குழாய் கொடுப்பதும் ஒரு பொய்தான், அந்தப் பொய்யில் என் வயது வரும்வரை உன்னால் வசதியாக வாழ முடியும் என்பதுதான் என் பயம். நான் வாழ்ந்தேன்.

இவ்வளவு எழுதியும் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்றே நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் பேச்சை எப்படித் தட்டுவது என்பாய், நாம் கொடுக்காவிட்டால் வேறு ஒருத்தன் கொடுப்பான் என்பாய். இரண்டுமே சரியான காரணங்கள். உன் வயதில் நானாக இருந்தால் போட்டிருப்பேன். இனி அந்த ஊருக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. மழை வந்தால் வரலாம், காவிரித் தண்ணீர் என்றைக்காவது அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தால் சேரலாம். வந்தாலும் மலருக்கு முளைத்த பல் மாறப் போவதில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், இதை மட்டும் என் இஷ்டத்துக்குச் செய். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் நீ அவளிடம் கேட்பாய், சிரிக்கும்போது ஏன் வாயை மூடிக்கொள்கிறாய் என்று. நானும் கேட்டேன், எல்லாரும் கேட்போம். தலையைக் குனிந்துகொண்டு, "எங்கூரு தண்ணி அப்படிங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்பாள். அப்போது சும்மா இருந்துவிடாதே. அவளுக்கு ஒரு வயதாக இருந்தபோது நல்ல தண்ணீர் அவள் வாய்வரை வந்தது, அவள் அத்தை கையால் ஒரு மடக்குக் குடித்தாள், மறுநாள் அதை நிறுத்தியது நான் என்று சொல். பாஷா பாய் பெயரையும் சொல். எனக்கு நேரில் சொல்ல வாய் வரவில்லை தம்பி. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா